நூல் காட்டிய வழி

மரத்தின் கோணலை அறியத் தச்சன் நூல் பிடிக்கிறான். சுவரின் நேரை அறியக் கொத்தன் நூல் பிடிக்கிறான். மாகடலுக்கு அப்பாலுள்ள நகரத்தின் தொலைவை அறியவும் ஒருவர் நூல் பிடித்தார். அவர் அமெரிக்க நாட்டு விமானி சார்லஸ் லிண்ட்பர்க்.

1927 ஆம் ஆண்டில், தம் 25 ஆம் வயதில், நியூயார்க்கிலிருந்து பாரிசு வரை இடையில் இறங்காமல் தனியே பறக்க அவர் கருதினார். சாலையில் செல்வோனுக்கு மைற்கல் உண்டு. தங்கிச் செல்லச் சத்திரமும் உண்டு. அட்லாண்டிக் மாகடலின்மீது பறப்பவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தொலைவைக் குறைவாகக் கணக்கிட்டால், எரிபொருள் நடுக்கடலில் தீர்ந்துபோகும். மிகுதியாகக் கணக்கிட்டால், சுமை தாங்காமல் விமானம் மேலெழத் தடுமாறும். ஆதலின், தொலைவைச் சரியாக அறிவது உயிரைக் காக்கும் செயலாயிற்று.

அவருடைய விமானம் சான் டியேகோ நகரத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அந்நகரத்துப் பொது நூலகத்தில் இருந்த உலக உருண்டையின்மேல், இரு நகரங்களுக்கும் இடையே அவர் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தார். தொலைவு ஏறத்தாழ 3,600 மைல், அஃதாவது 5,800 கிலோமீட்டர் என்று கண்டார்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளந்தால் ஆகாதோ? ஆகாது. உலகம் உருண்டை; படமோ தட்டை. இவ்விரு நகரங்களையும் படத்தில் இணைக்கும் நேர்கோடு உண்மையில் சுற்றுவழியே. உருண்டையின்மேல் இறுக்கிப் பிடித்த நூல் வடக்கே வளைந்து, நியூபவுண்ட்லாந்து, அயர்லாந்து வழியாகச் செல்வதுபோல் தோன்றும்; அதுவே குறுகிய வழி.

உருண்டையைச் சரிபாதியாக வெட்டினால் விளிம்பில் தோன்றும் வட்டத்தைப் பெருவட்டம் என்பர். அந்நூல் அமைந்தது அத்தகைய வட்டத்தின் ஒரு பகுதியிலேயாகும். பூமியின் பெருவட்டச் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதனை 360 பாகையாகப் பகுத்தால், ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் கிடைக்கும். நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் இடையே ஏறத்தாழ 52 பாகை உள்ளது. இரண்டையும் பெருக்கினால், நூல் கூறிய அளவை ஒட்டிய விடையே வரும்.

மே 20 ஆம் நாள் காலை 7 மணி 52 நிமிடத்திற்கு லிண்ட்பர்க் புறப்பட்டார். மறுநாள் இரவு 10 மணி 22 நிமிடத்திற்குப் பாரிசில் இறங்கினார். கடிகாரங்களை மட்டும் நோக்கினால் இது 38½ மணி நேரமாகும். ஆயினும், அன்று பாரிசின் கடிகாரம் நியூயார்க்கின் கடிகாரத்தைவிட 5 மணி முந்தியிருந்தது. அதனைக் கழித்தால், அவர் பறந்த நேரம் 33½ மணி. தொலைவை இந்நேரத்தால் வகுத்தால், மணிக்கு ஏறத்தாழ 173 கிலோமீட்டர் வேகம் கிடைக்கிறது. இறங்கியபோது விமானத்தில் எரிபொருள் இன்னும் எஞ்சியிருந்தது.

இன்று பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு ஏறத்தாழ 7 மணி நேரத்தில் செல்கிறது. திரும்பி வருவதற்கோ 8 மணி நேரத்திற்கு மேலும் ஆகும். மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் கடுங்காற்று, செல்லும்போது உந்தித் தள்ளுகிறது. வரும்போது எதிர்த்து நிற்கிறது. தொலைவு ஒன்றே, நேரம் ஒன்றன்று. ஆதலால் பயண நேரத்தைக் கணிப்போர் தொலைவோடு காற்றையும் கணக்கிற் கொள்வர்.

கடலைக் கடக்கத் துணிவு வேண்டும். அத்துணிவு கரை சேர்வதற்கு, முன்னரே அமர்ந்து அளந்தறியும் பொறுமையும் வேண்டும். லிண்ட்பர்க்கிடம் இவ்விரண்டும் இருந்தன.