மண்ணில் எஞ்சிய பாதரசம் நம் உடலை எவ்வாறு அடைகிறது?

கொடைக்கானலில் 1980களில் தொடங்கப்பட்ட வெப்பமானி ஆலை, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையொன்றில் கண்டறியப்பட்டதை அடுத்து 2001 மார்ச்சில் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. எனினும் ஆலை வளாகத்து மண்ணில் பாதரசம் எஞ்சியது. அதைத் தூய்மைப்படுத்த, ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்னும் வரம்பு வகுக்கப்பட்டது. இத்தகைய வரம்பின் பொருளை நாம் அறிந்துகொள்வது நன்று.

மூன்று கண்ணிகள்

நஞ்சு இருக்கும் இடம், அது வந்து சேரும் வழி, அதைப் பெறும் மனிதர் ஆகிய மூன்றும் இணைந்தால்தான் தீங்கு நேரும். ஒரு கண்ணியை அறுத்தாலும் காப்பு உண்டு.

ஓர் எளிய கணக்கு

தவழ்ந்து விளையாடும் குழந்தை, கைவழியே நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்குவதாகக் கொள்வோம். மேற்கூறிய வரம்பில் உள்ள மண்ணானால், அதில் 0.004 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். குழந்தையின் எடை 15 கிலோ எனில், உடல் எடையில் கிலோவுக்கு 0.00027 மில்லிகிராம் சேரும். பாதரச உப்புகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கொள்ளும் நாள் வரம்பு 0.0003. நூறு மில்லிகிராம் மண் விழுங்கும் 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு இவ்வளவில் எட்டில் ஒரு பங்கே சேரும். ஆகவேதான் குழந்தையை முன்னிறுத்திக் கணக்கிடுகின்றனர்.

கணக்கில் அடங்காதவை

இக்கணக்கு மண்ணை விழுங்குவதை மட்டுமே அளக்கிறது. உலோகப் பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். சுவாசித்த ஆவியின் பெரும்பகுதி இரத்தத்தில் கலந்துவிடும். நீரில் சேரும் பாதரசம் மீதைல் பாதரசமாக மாறி மீன்களில் பெருகும். ஆலைக்குக் கீழே பாம்பார் சோலையும் நீரோடையும் இருப்பதால், இன்னும் கடுமையான வரம்பு வேண்டுமெனச் சூழலியலார் வாதிட்டனர். முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016இல் உடன்பாடு ஏற்பட்டது.

நாம் செய்யத்தக்கவை

கை நடுக்கம், உறக்கமின்மை, மறதி, ஈறு வீக்கம் போன்றவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆதலால் மருத்துவரிடம் இன்றைய பணியை மட்டுமன்றி, முன்பு எங்கு, எத்தனை ஆண்டுகள், எப்பொருளைக் கையாண்டு பணிபுரிந்தீர்கள் என்பதையும் கூறுங்கள். பாதரச ஆவிக்கு ஆட்பட்டோருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை பயன்படும்.

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ உள்ள நம் இல்லத்தில் பழைய வெப்பமானி உடைந்தால், குழந்தைகளை அப்புறப்படுத்திச் சன்னல்களைத் திறந்துவையுங்கள். துடைப்பத்தாலோ தூசி உறிஞ்சியாலோ கூட்டாதீர்கள். கையுறை அணிந்து, தடித்த அட்டையால் துளிகளைச் சேர்த்து மூடியுள்ள புட்டியில் இடுங்கள்.