சிங்கப்பூரிலும் மழையா?

அரையாண்டு விடுமுறைக்குக் குடவாசலிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் கிளம்புகிறவர்கள் கவனிக்க: நம் வயலை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் டிசம்பரில் அங்கேயும். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். எனவே மிருகக்காட்சி சாலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மின்னல் அடித்தால் செந்தோசாவில் திறந்தவெளி ராட்டினங்கள் நின்றுவிடும். தேதி குறித்த டிக்கெட்டை முன்கூட்டி வாங்கிக் குவிக்காதீர்கள்.

மழைநாளுக்கென்று கூரைக்குள் இரண்டு இடங்களை ஒதுக்கி வையுங்கள். லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம். திங்களன்று போய் நிற்க வேண்டாம், விடுமுறை. இன்னொன்று சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் வளாகம். உள்ளேயே 40 மீட்டர் உயர அருவி, பார்க்கக் காசில்லை.

குடையைவிட முக்கியம், பிள்ளைக்கு ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும். நனைந்தபடி ஏசிக்குள் நுழைந்தால் அடுத்த இரண்டு நாள் ஓட்டல் அறையில்தான்.