ஈப்பொறிச் செடிக்கு உரம் எதற்கு?

சென்ற கல்வியாண்டில் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வீனஸ் ஈப்பொறிச் செடி ஒன்றை வாங்கி வந்தேன். படத்தில் மட்டுமே பார்த்த செடியை நேரில் காட்ட வேண்டும் என்ற ஆசை. ஐந்தாவது வாரத்தில் அது கருகிவிட்டது. செடிக்குப் பொறுப்பேற்ற மாணவி தினமும் குழாய் நீர் ஊற்றினாள். வீட்டிலிருந்து மண்புழு உரம் கொண்டுவந்து போட்டாள். இடைவேளைதோறும் பிள்ளைகள் ஈர்க்குச்சியால் பொறிகளைத் தொட்டு மூடவைத்தார்கள். "நான்தான் சார் கொன்னுட்டேன்" என்று அவள் அழுதபோதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. செடி வளர்க்க அவளுக்குத் தெரியும். இந்தச் செடி மற்றவற்றிலிருந்து ஏன் வேறுபட்டது என்பதை நான்தான் கற்பிக்கவில்லை.

பூச்சி எதற்கு?

"பச்சையம் இல்லாததால் பூச்சியை உண்கிறது" என்று பல மாணவர்கள் எழுதுகிறார்கள். இது பிழையான கருத்து. ஈப்பொறியின் இலை பச்சை நிறமே. ஒளிச்சேர்க்கை மூலம் தனக்கு வேண்டிய மாவுச்சத்தை அதுவே தயாரிக்கிறது. அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் உள்ள சதுப்பு நிலங்களே இதன் தாயகம். அங்குள்ள மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்யவே பூச்சியைப் பிடிக்கிறது. சத்தற்ற மண்ணுக்குப் பழகிய வேர் உரத்தையும் உப்பையும் தாங்காது. நாங்கள் அன்போடு கொடுத்தவையே அதற்குக் கேடாயின.

பொறியின் ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்று உணர்முடிகள் இருக்கும். சுமார் 20 வினாடிகளுக்குள் இருமுறை தொடப்பட்டால் பொறி நொடிப்பொழுதில் மூடும். ஒரே ஒரு மழைத்துளி விழுந்தால் மூடாது. வீண் உழைப்பைத் தவிர்க்கும் ஏற்பாடு இது. வெறுமனே மூடிய பொறி மீண்டும் திறக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். சில முறை மூடித் திறந்தபின் அந்தப் பொறி செயலிழந்துவிடும். விளையாட்டாகத் தொடுவது செடியின் ஆற்றலை வீணாக்குகிறது.

முதன்முறை வளர்ப்போருக்கு

நீர்: மழைநீர் அல்லது வாலை வடிநீர் மட்டும். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் மழைநீருக்குக் குறைவில்லை. திறந்த வெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்து, மூடி வைத்துக்கொள்ளலாம். தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் விட்டால் போதும்.

மண்: பீட் பாசியும் பெர்லைட்டும் சம அளவு. தோட்டமண், சாணம் கூடாது. குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் ஆர்வத்தோடு கடல்மணல் கொண்டுவருவார்கள். அதில் உப்பு உண்டு, சேர்க்கக் கூடாது. மண் சட்டியைவிடப் பிளாஸ்டிக் தொட்டி நல்லது.

ஒளி: நேரடி வெயில் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமாவது வேண்டும். வகுப்பறை மூலை உதவாது.

உணவு: வெளியில் இருந்தால் தானே பிடித்துக்கொள்ளும். சோறு, இறைச்சி, பால் எதுவும் வேண்டாம்.

ஓய்வு: தாயகத்தில் குளிர்காலத்தில் சில மாதங்கள் இது வளர்ச்சி குன்றி ஓய்வெடுக்கும். நெய்யூரில் அத்தகைய குளிர் இல்லை. எனவே இங்கு இது நாளடைவில் நலியலாம் என்பதை மாணவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

செடி வாங்காமலும் கற்பிக்கலாம்

தொடும் ஆவலைத் தடுப்பதைவிட வேறு பக்கம் திருப்புவது எளிது. தொட்டாவாடி என நாம் அழைக்கும் தொட்டாற்சுருங்கி பள்ளி வளாகத்திலேயே கிடைக்கும். தொட்டபின் இலை மீண்டும் விரிய எத்தனை நிமிடம் ஆகிறது என மாணவர்கள் அளந்து அட்டவணைப்படுத்தட்டும். பிறகு, "இது ஏன் சுருங்குகிறது? ஈப்பொறி ஏன் மூடுகிறது?" என்று ஒப்பிடச் செய்யலாம்.

பூச்சி உண்ணும் தாவரங்கள் நம் மாநிலத்திலும் உண்டு. அழுகண்ணி எனப்படும் ட்ரசீரா, ஈரமான, சத்துக் குறைந்த நிலங்களில் தரையோடு ஒட்டி வளரும் சிறு செடி. இலைமுடிகளின் நுனிகளில் கண்ணீர்த் துளிபோல் மின்னும் பசையில் பூச்சி ஒட்டிக்கொள்ளும். சார்லஸ் டார்வின் 1875இல் பூச்சி உண்ணும் தாவரங்கள் பற்றி வெளியிட்ட நூலில் பெரும்பகுதி ட்ரசீராவைப் பற்றியதே. குளங்களில் வாழும் யுட்ரிகுலேரியா நுண்ணிய பைகளால் நீர்ப்பூச்சிகளை உறிஞ்சிப் பிடிக்கிறது. களப்பயணத்தில் இவற்றைக் கண்டால் கைலென்சால் பார்த்து, படம் வரைந்து திரும்புவோம். பிடுங்க வேண்டாம். ஈப்பொறியைக் காட்டிலிருந்து திருடுவது வட கரோலினாவில் 2014 முதல் கடுங்குற்றம் என்பதையும் சொல்லலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஈப்பொறிக்குப் பூச்சி கிடைக்காவிட்டால் உடனே இறந்துவிடுமா? காரணம் கூறுக.
2. நெல்லுக்கு உரம் இடுகிறோம். ஈப்பொறிக்கு ஏன் இடக்கூடாது?
3. ஒருமுறை தொட்டவுடன் பொறி மூடினால் செடிக்கு என்ன இழப்பு?

இந்த ஆண்டு இரண்டாவது செடி வாங்கினோம். இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கும் அதே மாணவியிடம்தான் பொறுப்பைக் கொடுத்தேன். முதலில் தயங்கினாள். பிறகு தொட்டியருகே அவளே ஓர் அட்டை எழுதி வைத்தாள்: "மழைத் தண்ணி மட்டும். உரம் வேண்டாம். தொடாதீங்க, பாருங்க." அதன் கீழே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்கிறார்கள். விளக்கம் சொல்வது அவள்தான்.