கலைஞர் கண்ட மலர்ப் பருவங்கள்

பூ ஒன்றனுக்குப் பருவந்தோறும் வெவ்வேறு பெயரிட்டு வழங்கினர் நம் முன்னோர். தோன்றுங்கால் அரும்பு, பருத்துக் கூம்பியிருக்குங்கால் மொட்டு, முகை, இதழ் அவிழும் செவ்வியிற் போது, விரிந்தபின் மலர், நன்கு பரந்தபின் அலர், காம்பினின்று கழன்று வீழ்வது வீ, வாடிக் கிடப்பது செம்மல். (வாடிய பூவைக் குறிக்கும் இச்சொல்லே பெருமையிற் சிறந்தாரையும் குறித்தல் எண்ணத்தக்கது.) நிகண்டுகள் இப்பெயர்களைச் சிறிது மாற்றியும் கூறும், புலவர் செய்யுள் நோக்கி ஒன்றன் பெயரைப் பிறிதொன்றற்கு வழங்கலும் உண்டு. ஆயினும் இத்துணை நுணுகிப் பூவை நோக்கிய மக்களிடையே, பூவைக் கண்டு தொழில் செய்த கலைஞர் எப்பருவத்தைக் கைக்கொண்டனர் என வினவுதல் பொருத்தமுடைத்து. அவரவர் கையிலிருந்த பொருளே அதனை வரையறுத்தது என்பது எமது துணிபு. கல் ஒரு பருவத்தை ஏற்கும். பொன் மற்றொன்றை ஏற்கும். தீ இவ்விரண்டும் ஏலாத வேறொன்றை ஏற்கும்.

சொல்லுக்கு மட்டும் இவ்வரம்பு இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளுள்ளே 99 பூக்களை நிரல்பட நிறுத்தினார். அவற்றுள் மலையிற் பூப்பனவும் உள, நீரிற் பூப்பனவும் உள. 1889-ஆம் ஆண்டிற் பத்துப்பாட்டைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், தமக்குக் கிடைத்த ஏடுகளில் அப்பூக்களுட் சிலவற்றின் பெயர்கள் சிதைந்திருக்கக் கண்டு வருந்தி, பின்னர்த் தருமபுர ஆதீனத்து ஏட்டிலே அவற்றைக் கண்டெடுத்த செய்தியைத் தமிழ் மாணவர் பலரும் அறிவர். சொல்லிற் பூத்த பூவும் உதிர்தல் உண்டுபோலும்!

இனிக் கல்லை நோக்குவாம். மெல்லிதழைத் தனித்து நிறுத்துதல் கல்லுக்கு அரிது; உளி சிறிது தவறினும் இதழ் முறியும். எனவே சிற்பி கூம்பிய பருவத்தையே நாடினான். மதுரையிலும் பிறவிடங்களிலும் நாயக்கர் எடுப்பித்த மண்டபங்களிற் புகுவார், தூணின் தலையிலே உத்தரத்தைத் தாங்கி நிற்கும் போதிகையை அண்ணாந்து நோக்குவாராக. அதன் முனையில் வாழைப்பூப் போன்றதொரு மொட்டுத் தலைகீழாகத் தொங்கும். பூமுனைப் போதிகை என்பர் அதனை. சோழர் காலத்துப் போதிகையில் இம்மொட்டு இல்லை. விசயநகரத்தார் காலந்தொட்டே அது பருத்து வளர்ந்தது. யவன தேயத்தாரும் தூணின் தலையிற் செடியைக் கண்டனர். இளம்பெண் ஒருத்தியின் கல்லறைமேல் வைத்த கூடையைச் சூழ்ந்து முட்செடி ஒன்று தழைத்திருப்பதைக் கலிமாக்கசு என்னும் சிற்பி கண்டு, கொரிந்தியத் தூணின் தலையை அமைத்தான் என்று உரோமை நூலாசிரியராகிய விட்ருவியசு கூறுவர். அது வெறுங்கதையே எனினும், அத்தூணின் இலைகள் கல்லோடு ஒட்டியே எழுந்து நுனியில் மட்டும் வளைதலை நோக்கின், கல்லின் இயல்பை அவனும் அறிந்திருந்தமை விளங்கும்.

பொற்கொல்லன் அரும்பை விரும்பினான். முல்லை அரும்பு மாலையை நினைக. சிறிதாயும் ஒரே அளவினதாயும் கோத்தற்கு எளிதாயும் இருப்பது அரும்பன்றோ? பண்டை மன்னர் பாணர்க்குச் சூட்டிய பொற்றாமரையோ அருமை நோக்கி அளித்த பரிசில்; அது நாள்தோறும் பூணும் அணியன்று. காஞ்சிபுரத்து நெசவாளரும் மல்லிமொக்கு எனப் புடைவையில் இட்டது மொட்டையே. இழை குறுக்கும் நெடுக்குமாகவே செல்லுமாதலின், வளைந்த இதழினும் குவிந்த மொட்டு அதற்கு இசைந்தது.

மைக்கு இத்தடைகள் இல்லை. ஆதலின் அச்சுப் படத்தில் மலர் முற்றும் விரிந்தது. கோவிற்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) என்னும் ஓவியரும் அவர்தம் மாணாக்கரும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக இல்லந்தோறும் புகுந்தன. அப்படங்களிற் காணும் தாமரையில் ஓரிதழேனும் வாடியதாக இராது. ஆண்டு முழுவதும் சுவரில் மலர்ந்திருந்து தைத்திங்களில் அகற்றப்படும் மலர் அது.

இவ்வாறு கல்லும் பொன்னும் இழையும் மையும் பூவின் ஒரு நிலையைப் பிடித்து நிறுத்துவன. பூ விரிதலாகிய தொழிலையோ, விரிந்தது வீழ்தலையோ அவை காட்டமாட்டா. அதனைக் காட்டவல்லது தீ ஒன்றே. யாத்திராகமத்திற் கூறப்படும் பொன் விளக்குத்தண்டின் கிளைகள் வாதுமைப்பூவின் வடிவினவாக அடிக்கப்பட்டன. ஆண்டுப் பூவின்மேல் விளக்கு எரிந்தது. சிவகாசியை அடுத்த தாயில்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தீயே பூவாகின்றது.

அந்நிலம் வானம் பார்த்த பூமி. ஆவிரையும் எருக்கும் வேலும் அதன் இயற்கைப் பூக்கள். மழை பொய்த்த அக்கரிசலில் உழவு ஒன்றையே நம்பி வாழ்தல் அரிதாயிற்று. 1920-க்குப் பின் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும், அதன்பின் வாணத்தொழிலும் பரவின. தோட்டத்துச் சாமந்தியை மிகுதியும் காணாத அம்மக்கள், வானத்தில் விரியும் சாமந்தியைச் செய்யலாயினர்.

செய்யும் முறை கேட்கத்தக்கது. புஸ்வாணம், பூச்சட்டி என்பது கூம்பிய காகிதக் கூடு. வடிவில் அதுவே ஒரு மொட்டு. அதனுள் வெடியுப்பும் கந்தகமும் கரியும் உலோகத் தூளும் கலந்து கெட்டித்து அடைப்பர். நெருப்பிட்டவுடன் ஒடுங்கிய வாய் வழியே பொறிகள் எழுந்து பரந்து சொரியும். இரும்புத் தூள் பொன்னிறப் பொறியையும், அலுமினியத் தூள் வெண்பொறியையும் தரும். வானத்து மலரோ வேறு வகையது. உருண்டைக் கூட்டின் உட்சுவரை ஒட்டிச் சிறுகுளிகைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் வெடிமருந்தை வைப்பர். மருந்து வெடிக்கக் குளிகைகள் எத்திசையும் ஒரே விரைவிற் சென்று எரியும். குளிகை ஒவ்வொன்றும் ஓரிதழ். யப்பானியர் வாணத்தை 'ஹனாபி' என்பர். பூ, தீ என்னும் இரு சொற்களின் தொடர் அது. எரிகுளிகை பின்னே ஒளிவால் விடுமாயின் அதனைச் சாமந்தி இனத்துப் பூவின் பெயராலும், வால் இன்றி நிறப்புள்ளியாகவே நிற்குமாயின் பியோனி என்னும் பூவின் பெயராலும் அழைப்பர். கரி மிகுந்த குளிகை மெல்ல எரிந்து நெடுந்தொலைவு தாழ்ந்து ஒழுகும். அது மரத்தின் தாழ்கிளை. நம்மவரோ மத்தாப்பு என்னும் பெயரை நிலவொளி எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லினின்று பெற்றனர். அரும்பு முதல் வீ ஈறாகப் பூவின் பருவமெல்லாம் சில நொடியுள் நிகழக் காட்டுதல் இக்கலையொன்றற்கே உரியது.

நிறத்துக்கும் காரணம் உண்டு. ஸ்டிராண்டிய உப்புச் செந்நிறமும், சோடியம் மஞ்சளும், செம்பின் உப்பு நீலமும், பேரியம் பசுமையும் தரும். பேரியம் நிறத்துக்கு மட்டுமன்றி எரிதலுக்கு வேண்டும் பிராணவாயுவைத் தருதற்கும் பயன்பட்டது. கம்பி மத்தாப்பு அதனை நம்பியே இருந்தது. காற்று மாசு கருதி உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இற் பேரிய உப்புக்களைப் பட்டாசிலே சேர்த்தலாகாது என விலக்கியது. தூய காற்று வேண்டும் என்பதை மறுப்பார் யார்? ஆயினும் அத்தீர்ப்பால் வேலை நாள் குறைந்தது கரிசற்காட்டுக் கூலியாட்களுக்கே. தீப்பூ தன் இலையின் நிறத்தையும் இழந்தது. இலையின்றிப் பூத்து நிற்கும் இலவமரத்தைக் கண்டு, சுடர் ஏற்றி நிரைத்த விளக்குக்கள் என்றனர் சங்கப் புலவர். பூவைத் தீயாகக் கண்டார் அவர், தீயைப் பூவாகக் கண்டார் இவர்.

இக்கலைக்கு மட்டும் உரிய மற்றொன்றும் உண்டு. கல்லை உடைத்தவன் உளி தவறினாற் கல்லே கெடும். ஈண்டுக் கலைஞன் உயிரே கெடும். மருந்து கலக்குங்காலும் அடைக்குங்காலும் சிறிது உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிப்பில் 40 பேரளவில் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். அதனாலேயே மருந்தறைகளை ஒன்றற்கொன்று தொலைவில் அமைத்து, ஓரறையில் நால்வர்க்கு மேல் இருத்தலாகாது என விதித்துள்ளனர். விதி கடந்த இடத்திலேயே பெரும்பாலும் சாவு மிகுகின்றது. சிற்பியையும் ஓவியனையும் ஏத்தும் நூல்கள் பல உள. காகிதக் கூட்டில் மருந்தடைக்கும் பெண்டிரைக் கலைஞர் வரிசையில் வைத்த நூல் ஒன்றையேனும் யாம் கண்டிலேம். அவர் பகல் வெளிச்சத்திலேயே தொழில் செய்து, பொழுது சாயுமுன் ஊர் திரும்புவர். அவர் அடுக்கிய இதழ்கள் விரிவது பல திங்கள் கழித்து, வேற்றூரில், தீபாவளி இரவிலே.