பொம்மை விளையாட்டுக்கு ஒரு நாள் பேரை விடுவதா?

பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்களிடமும், கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலும் ஓயாமல் காதில் விழும் பேச்சு இது: "ரூமுக்குள்ள பொம்மையக் குடுத்து விளையாட விடுறாங்க. அத வீட்டிலேயே செய்யலாமே, இதுக்கா ஒரு நாள் பேர விட்டுட்டு வரணும்?" கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போவது சின்ன விஷயமல்ல. ஆனால் இந்தப் பேச்சை நம்பி, விளையாட்டுச் சிகிச்சைக்கு வரும் பிள்ளையை இரண்டாம் கிழமையே நிறுத்திவிடுகிறார்களே, அதைப் பொறுக்க முடியவில்லை.

ஏழு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன கவலை?" என்று கேட்டுப் பாருங்கள். தலையைக் குனிந்துகொள்ளும். அதே பிள்ளை சிகிச்சை அறையின் மணல் தட்டில் ஒரே பொம்மையைப் புதைக்கும், தோண்டும், திரும்பப் புதைக்கும். வீட்டிலென்றால் "மண்ண இறைக்காத" என்று அதட்டுவோம். சிகிச்சையாளர் அதட்டமாட்டார், "கெட்டிக்காரி" என்று புகழவும் மாட்டார். "அத யாரும் பார்க்கக் கூடாது, என்ன?" என்று பிள்ளையின் மனதிலிருப்பதைச் சொல்லிக் காட்டுவார். பிள்ளைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு: ஆளுக்கு அடிக்கக் கூடாது, நேரம் முடிந்தால் எழும்ப வேண்டும். மற்றபடி பிள்ளை போகும் வழியில்தான் அவர் போவார். இந்தச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான வெர்ஜீனியா அக்ஸ்லைன் 1947இல் எழுதிவைத்த எட்டு விதிகளின் சாரம் இது. பயிற்சியில்லாமல் வருகிற வேலையா?

விளையாட்டுச் சிகிச்சை பற்றிய 93 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2005இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது. 35, 40 தடவை போன பிள்ளைகளிடம் கூடுதலாகவும், தாய் தகப்பனும் பழகிச் சேர்ந்துகொண்ட இடங்களில் அதைவிடக் கூடுதலாகவும் தெரிந்தது. நம் நாட்டிலேயே, 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் யுத்தம் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண்ணோடும் கதையோடும் மாதக்கணக்கில் பழகினார்கள். நீங்கள் இரண்டு தரம் வந்துவிட்டு "ஒண்ணும் மாறல" என்றால் எப்படி?

இடையில் சில கிழமை பிள்ளையின் அடம் கூடவும் செய்யலாம். பயந்து நிறுத்தாதீர்கள், சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். திரும்பிப் போகும் பஸ்ஸில் "உள்ள என்ன செஞ்ச?" என்று விசாரணை வைக்காதீர்கள். பிள்ளை எப்படித் தேறுகிறது என்று அவர் உங்களிடம் பேசுவார், விளையாடியதையெல்லாம் ஒப்பிக்கமாட்டார்.

இதைப் பற்றி உலவும் மற்றக் கதைகளுக்கு ஓரிரு வரி போதும். இங்கே வருகிற பிள்ளை பைத்தியமல்ல. பேச்சு வராத பிள்ளைக்கு இது மட்டும் போதாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்த்து, பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். போனில் கேம் கொடுப்பது இதற்கு ஈடாகாது. போன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. நாமோ ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கென்று மூன்றாம் தரத்திலேயே பிள்ளையை ரியூஷனில் அடைக்கிறோம். சனியும் ஞாயிறும் வகுப்பு. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கிழமையில் ஒரு மணித்தியாலச் சிகிச்சை எந்த மூலைக்கு? ஞாயிற்றுக்கிழமை வகுப்பையாவது நிறுத்துங்கள்.