காது மந்தமானவரிடம் கேள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவ வசதி போய்ச் சேர்வதில் எதை முதலில் ஆராய்வது என்று முடிவு செய்யும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சி. நீ அனுப்பிய ஆய்வுத் தலைப்புகளைப் படித்தேன். எல்லாம் உருப்படியானவைதான். ஆனால் அது அமெரிக்க ஆய்விதழ்களை வாசித்தவன் போட்ட பட்டியல். சுவா சூ காங்கில் குடியிருப்பவன் போட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கென்றே தனித்துறை, தனி மருத்துவமனைகள். இந்தியாவில் 2003 முதல் அவர்களுக்கென்றே இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம். நம் சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்தவருக்கு அப்படித் தனி வாசல் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து தெக் வாய் வட்டாரத்தில் இருக்கும் பலதுறை மருந்தகத்துக்குப் போய், அதே வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

1967இல் தேசிய சேவைக்கு முதன்முதலாக அழைக்கப்பட்டவர்கள் 1949 ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் பிறந்தவர்கள். சுமார் 9,000 பேர் பதிந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் முழுநேரச் சேவை. அரசு மூத்தோருக்குத் தரும் முன்னோடித் தலைமுறைச் சலுகைக்கான பிறந்த தேதி எல்லை 1949 டிசம்பர் 31. ஆக அவர்கள் முன்னோடிகள். அடுத்த பத்தாண்டில் பிறந்தவர்கள் மெர்டேக்கா தலைமுறை. சலுகை அட்டை பிறந்த வருஷத்தைப் பார்க்கிறது, போட்ட சீருடையை அல்ல. இதில் எனக்குக் குறையில்லை. ஆண்கள் அநேகமாக எல்லாரும் துப்பாக்கி தூக்கிய நாட்டில் அவர்களுக்கு மட்டும் தனி வரிசை வைத்தால், வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்கள் சும்மா விடுவார்களா? ஆனால் ஒரு விளைவு உண்டு. படையில் பட்டது எது, வயதானதால் வந்தது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கீட் ஹோங் பக்கம் கோப்பிக்கடையில் காலை நேரம் போய் உட்கார். எழுபதைத் தாண்டிய ஒருவர் பேசுபவருக்கு எப்போதும் வலது காதைக் காட்டியே உட்கார்ந்திருப்பார். வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் குழல் வாய்ப் பக்கம் இருக்கும். வலது காதைத் தலை கொஞ்சம் மறைத்துக்கொள்ளும். அதனால் இடது காதுதான் கூடுதலாகக் கெடும். அவரைக் கேட்டால், "வயசாச்சு தம்பி, அவ்வளவுதான்" என்பார். வயதால் வரும் செவி மந்தம் பெரும்பாலும் இரண்டு காதிலும் ஒன்றுபோல வருவது. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக மந்தமென்றால் வேறு காரணமும் இருக்கலாம். இளம் வயதில் எங்கே இருந்தீர்கள் என்று எந்த மருத்துவரும் அவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

60 வயதுக்கு மேற்பட்டவர்கள் செவிக்கருவி வாங்க, வருமானத்தைப் பொறுத்து அரசு மானியம் உண்டு. பரிசோதனை உண்டு, மருத்துவர் உண்டு. அப்படியிருந்தும் அவர் ஏன் போகவில்லை? கூச்சமா, மனைவி சொல்லி அலுத்துப்போனாரா, மானியம் இருப்பதே தெரியாதா? உன் பட்டியலில் செவித்திறன் இழப்பின் உயிரியல் பற்றி ஒரு தலைப்பு இருக்கிறது. இந்தக் கேள்வி இல்லை.

பிரிட்டனில் 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணியின் முறையைப் படித்துப் பார். நோயாளிகள், அவர்களைப் பராமரிப்பவர்கள், மருத்துவம் பார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பிடமும் கேள்விகளைத் திரட்டுவார்கள். ஏற்கெனவே விடை கிடைத்தவற்றைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஒரே மேசையில் உட்கார்ந்து வரிசைப்படுத்துவார்கள். வைத்தியம் பார்க்காத வெறும் ஆய்வாளருக்கு அங்கே வாக்கு கிடையாது. அந்த ஒரு விதிக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

லிண்ட் யாரென்றால் கடற்படை மருத்துவர். 1747இல் கப்பலிலேயே 12 மாலுமிகளை வைத்துச் சோதித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வி நோயைத் தீர்ப்பதைக் கண்டவர். கடற்படை தன் ஆட்களுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க உத்தரவிட்டது 1795இல். இடையில் மாலுமிகள் செத்தது மருந்து தெரியாததால் அல்ல; அது வந்து சேராததால். நீ ஆராய வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

காத்திருக்கும் நாள்களை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. 2014இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் படைவீரர் மருத்துவமனையில் காத்திருப்போர் பட்டியலை மறைத்துக் கணக்குக் காட்டியது அம்பலமாகி, துறைச் செயலாளரே பதவி விலக வேண்டியதாயிற்று. அதைவிட, வரிசைக்கே வராதவரை எந்தக் கணக்கும் காட்டாது. மருந்தகத்தில் காத்திருப்பவர்களிடம் மட்டும் படிவம் கொடுத்தால், வந்தவர்களின் குறைதான் கிடைக்கும். புளோக் கீழ்த்தளத்துக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையங்களுக்கும் போ. தமிழில் கேள், மலாயில் கேட்க ஒருவரைக் கூட்டிப் போ. மனைவிமார்களைத் தனியாக உட்காரவைத்துக் கேள். கணவர் இரவில் திடுக்கிட்டு எழுவது அவர்களுக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால் முதலிடம் காதுக்குத்தான். ஆனால் எனக்கும் அந்த மேசையில் வாக்கு இல்லை, உனக்கும் இல்லை. ஆகவே உன் ஆய்வு மானிய விண்ணப்பத்தை ஒரு மாதம் தள்ளிப்போடு. முதலில் அந்த மூன்று தரப்பையும் கூட்டி உட்காரவை.

அன்புடன்,
உன் அண்ணன்