பம்ப் மேல் பழி போடும் முன்

அன்புள்ள கண்ணுக்கு,

காலையில் டிராக்டர் எடுத்தவுடன் ரோட்டவேட்டர் ஜோராகத் தூக்குகிறது. வெயில் ஏறி ஆயில் சூடானதும் பாதி உயரத்தில் நின்று திணறுகிறது. சீட்டுக்கு அடியில் ஊளைச் சத்தம். மெக்கானிக் வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பம்ப் போச்சு, மாத்திடலாம்" என்கிறார். நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். மடித்து டூல் பாக்ஸில் வைத்துக்கொள்.

மெக்கானிக் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. பம்ப் போயிருக்கலாம். ஆனால் அது கடைசியாக வர வேண்டிய முடிவு. லிஃப்ட் தூக்காத வண்டிகளில் நல்ல பம்பைக் கழற்றிப் புது பம்ப் போட்டு, அதற்கப்புறமும் தூக்காமல் நின்றவற்றை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பழைய பம்பைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருந்தால் புது பம்பும் அதே வழியில்தான் போகும்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு 10 சிசி தள்ளும் கியர் பம்ப் 2,000 சுற்றில் நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும். அந்த ஆயிலின் வழியில் எவ்வளவு பாரம் குறுக்கே நிற்கிறதோ அவ்வளவு அழுத்தம் எழும்பும். வெறும் லிஃப்ட் கையைத் தூக்கக் கொஞ்சம் போதும். சேறு அப்பிய ரோட்டவேட்டரைத் தூக்க நிறைய வேண்டும். பாரம் எல்லை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 44 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் வந்தால் 6,600 கிலோ விசை! பிஸ்டன் கொஞ்ச தூரம் நகர, கையின் நுனி வெகுதூரம் ஏற வேண்டியிருப்பதால் அது நுனிக்கு வரும்போது சுருங்கிவிடுகிறது. தென்னந்தோப்புக்குள் புகுந்து போகும் யுவராஜ், குபோட்டா மாதிரிச் சின்ன டிராக்டர்கள் 750 கிலோ அளவுக்குத் தூக்குகின்றன என்றால், அந்தக் கணக்கில்தான்.

ஆகவே லிஃப்ட் பலம் குறைந்தால் நாலு சந்தேகம். ஆயில் பம்புக்கே ஒழுங்காக வரவில்லை. வந்த ஆயில் பம்புக்குள்ளேயே கசிந்து திரும்புகிறது. பம்பைத் தாண்டிய பிறகு எங்கோ தப்பி ஓடுகிறது. அல்லது ஆயில் சரியாகப் போகிறது, லீவர், லிங்கேஜ் பக்கம் கோளாறு. இந்த வரிசையை மாற்றாதே. முதலாவதைப் பார்க்கச் செலவே இல்லை. கடைசி இரண்டைப் பார்க்க லிஃப்ட் மூடியைத் திறந்து சீட்டையும் கழற்ற வேண்டும்.

இவற்றுக்கும் முன்னால் ஏமாற்றும் விஷயங்கள் சில உண்டு. டிப்பர் டிரெய்லருக்கு ஆயில் கொடுக்க ஒரு குமிழ் இருக்கும். எரு அடித்துவிட்டு அதைத் திருப்பி வைக்க மறந்தால் ஆயில் டிரெய்லர் பக்கம் போகும், லிஃப்ட் சும்மா இருக்கும். பொசிஷன் லீவரின் தடுப்புத் திருகு நகர்ந்திருந்தால் கை முழு உயரம் ஏறாது. இன்னொன்று: யாரிடமோ பழையதாக வாங்கிய பெரிய ரோட்டவேட்டரைச் சின்ன வண்டியில் மாட்டியிருந்தால் குற்றம் ஹைட்ராலிக்கில் இல்லை. அதைக் கழற்றிவிட்டு வெறும் கையைத் தூக்கிப் பார், பிறகு மாட்டித் தூக்கிப் பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பாதி கதையைச் சொல்லிவிடும்.

ஆயிலுக்கு வருவோம். சமதரையில் நிறுத்தி, கையை முழுதாக இறக்கி, இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு அளவு பார். பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே ஆயில். அளவு சற்றுக் குறைந்திருந்தாலும் மேட்டில் ஏறும்போது உறிஞ்சு குழாயின் வாய் வெளியே வந்து காற்றை இழுக்கும். என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று உங்கப்பாவிடம் கேள். வெட் பிரேக் ஆயில் கேட்கும் வண்டியில் "எல்லாம் ஆயில்தானே" என்று 90 கியர் ஆயில் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. மார்கழிக் காலையில் அந்தக் கெட்டி ஆயில் சல்லடையைத் தாண்ட மறுக்கும். பம்ப் பட்டினி கிடக்கும். எது சரியான ஆயில் என்பதற்கு மேனுவலைத் தவிர வேறு யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொன்னாலும்கூட.

டிப் ஸ்டிக்கில் ஆயில் வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுவதும் வை. காலையில் தெளிந்திருந்தால் அது நுரை, அதாவது காற்று. மோர் நிறத்திலேயே நின்றால் தண்ணீர். உங்கள் ஊர் கொமரலிங்கத்தில் தண்ணீர் புக வழிக்குப் பஞ்சமே இல்லை. ராஜவாய்க்கால் பாசனத்தில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டும்போது ஆக்ஸில் சீல் வரைக்கும் சேறு. சாயங்காலம் வாட்டர் சர்வீஸ் கொடுக்கிறேன் என்று பிரீதர் மேலேயே பீச்சி அடிப்பது அதைவிட மோசம். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கையும் கியரையும் சேர்த்துத் தின்னும். சீலைச் சரிசெய்து மொத்த ஆயிலையும் மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

அடுத்தது ஃபில்டர். புதிது போட்டுவிட்டுப் பழையதைத் தூக்கி எறியாதே, அறுத்துப் பார். ஹேக்ஸா பிளேடு வேண்டாம், அதன் இரும்புத் தூளே விழுந்து உன்னைக் குழப்பும். தகர வெட்டியால் விளிம்பைக் கிழி. மடிப்பை விரித்து வெயிலில் காட்டு. காந்தத்தில் ஒட்டும் தூள் என்றால் கியர், பேரிங் பக்கத்து இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் அலுமினியம், பம்பின் உடம்பு தேய்ந்த அடையாளம். கறுப்பு ரப்பர் துணுக்கு இருந்தால் எங்கோ ஒரு சீல் கிழிந்திருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் இவற்றோடு இன்னொன்றும் கிடைக்கும்: பஞ்சு நூல். திருப்பூர் கட்டிங் டேபிளில் விழும் துண்டுகள்தான் பனியன் வேஸ்ட் மூட்டையாக எல்லாப் பட்டறைக்கும் வருகின்றன. கை துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் ஹைட்ராலிக் தொட்டியின் உள்பக்கத்தைத் துடைத்தால் வெட்டிய ஓரத்திலிருந்து நூல் நூலாக உதிர்ந்து, ஆயிலோடு சுற்றிச் சுற்றி வந்து சல்லடையில் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். உன் வண்டியின் லிஃப்ட் மூடியை முன்பு எப்போதாவது திறந்து வேலை பார்த்திருந்தால் இதை மறக்காமல் பார். உள்ளே டீசல் விட்டு அலசி வடியவிட வேண்டும், துடைக்கவே கூடாது.

உன் வண்டியின் ஊளைச் சத்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயைத்தான். அங்கே ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தால் வெளியே ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகாமல் இருக்கலாம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல, பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். சூடாகி ஆயில் நுரைக்க நுரைக்கக் கை விட்டுவிட்டு ஏறும், பிறகு ஏறாமலே போகும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: இன்ஜின் ஓடும்போது, ஃபேன் பெல்ட்டுக்குக் கை எட்டாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பின் மேலும் கெட்டியாக கிரீஸ் அப்பு. எந்த இடத்தில் அப்பியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. ஓ-ரிங்கின் விலையையும் பம்பின் விலையையும் நீயே கடையில் கேட்டுக்கொள்.

சூட்டையும் குளிரையும் வைத்துப் படிக்கப் பழகு. குளிரில் நன்றாகத் தூக்கி, சூட்டில் நுரையும் ஊளையும் இல்லாமல் வெறுமனே பலம் குறைந்தால் உள்ளே கசிவு: ஆயில் நீர்த்துப்போய்த் தேய்ந்த இடைவெளி வழியே தப்பிக்கிறது. குளிரில் திணறி, சூட்டில் சரியானால் உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு அல்லது கெட்டி ஆயில்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் பிரஷர் கேஜ். 250 பார் வரை காட்டுவது போதும். டிப்பருக்கு ஹோஸ் மாட்டும் வாயில் பொருத்தி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு லீவரை ஏற்று. ஒரு எச்சரிக்கை: கேஜ் மாட்டும் இடத்துக்கு முன்பே ரிலீஃப் வால்வு வழியில் இருக்கிறதா என்று மேனுவலில் உறுதி செய்துகொள். இல்லையென்றால் அடைத்த வாயில் பம்ப் தள்ளி எதையாவது வெடிக்க வைக்கும். முள் நின்றதும் சில நொடிகளில் லீவரை இறக்கிவிடு. சொல்லப்பட்ட அழுத்தம் வந்து ஆடாமல் நின்றால் பம்பும் ரிலீஃபும் நல்லவை. கோளாறு கன்ட்ரோல் வால்விலோ சிலிண்டரிலோ. குறைவாக வந்தால் இன்ஜின் வேகத்தைக் கூட்டிப் பார். வேகத்தோடு அழுத்தமும் ஏறினால் பம்ப் உள்ளே கசிகிறது அல்லது ரிலீஃப் வால்வு தூசி சிக்கித் திறந்தே நிற்கிறது. எந்த வேகத்திலும் ஒரே குறைந்த எண்ணில் நின்றால் ரிலீஃப் வால்வு தளர்ந்திருக்கிறது. பலம் கூடட்டும் என்று ரிலீஃபை முறுக்கும் ஆட்கள் உண்டு. அவர்களைப் பக்கத்தில் விடாதே, பம்ப் உடம்பே பிளந்துவிடும்.

எந்த எண் சரியான எண் என்று கேட்பாய். மேனுவல் தொலைந்திருந்தால் மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனத்தின் அறிக்கையைத் தேடு. அங்கே சோதித்த மாடல்களுக்கு லிஃப்ட் திறன், ரிலீஃப் அழுத்தம் எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். டீலர் சொல்லும் திறனைவிட அந்தத் தாள் எனக்கு நம்பிக்கை.

தூக்கி வைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. ரோட்டவேட்டரை உயர்த்தி இன்ஜினை அணை. கிடுகிடுவென்று இறங்கினால் கசிவு பம்பில் இல்லை, அதற்கு அப்புறம். பல வண்டிகளில் சீட்டுக்குக் கீழே இறங்கும் வேகத்தைக் குறைக்கும் குமிழ் உண்டு. அதை முழுக்க மூடு. இறங்குவது நின்றால் கன்ட்ரோல் வால்வு பக்கம், நிற்காவிட்டால் சிலிண்டர் சீல். இன்ஜின் ஓடும்போது கை தானாக அடிக்கடி தலையாட்டுவதும் இதே கசிவுதான்; இறங்கிய அளவைப் பொசிஷன் கன்ட்ரோல் திரும்பத் திரும்ப ஏற்றிச் சரிக்கட்டுகிறது.

இந்த ஹைட்ராலிக் லிஃப்டுக்காகத்தான் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் பாதி ஆயுளைச் செலவழித்தார். அந்தக் காலத்தில் டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைச் சும்மா கட்டி இழுப்பார்கள். கொழு பாறையில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். மூன்று புள்ளி இணைப்பும் ஹைட்ராலிக்கும் சேர்ந்த அவருடைய டிராக்டர் 1936-ல் விற்பனைக்கு வந்தது. 1938-ல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கியே ஒப்பந்தம், எழுத்தில் எதுவும் இல்லை. பிறகு அது பெரிய வழக்காகி 1952-ல் ஃபோர்டு கம்பெனி 92 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து முடித்தது. மாஸி பெர்குசன் கூட்டோடு 1960-ல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கியதும் அந்த அமைப்பு நம் வயலுக்கும் வந்தது. பெர்குசனின் பழைய வண்டியில் பம்ப் பி.டி.ஓ. தண்டில் ஓடியது, லீவர் போடாவிட்டால் லிஃப்டே கிடையாது. உன் வண்டியில் கியர் பம்ப் இன்ஜினோடு எப்போதும் சுற்றுகிறது, அந்தக் கவலை இல்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். தூக்கி நிற்கும் ரோட்டவேட்டருக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுக்காமல் கையை நீட்டாதே. ஹைட்ராலிக்கை நம்பிப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. ஹோஸில் ஊசி முனை ஓட்டை தேடும்போது விரலால் தடவாதே, அட்டையைக் காட்டு. அந்த அழுத்தத்தில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. அதற்காக வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்காராதே. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தில் ஆயில் உள்ளே பாய்ந்தது" என்று அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலை எடுக்கும்படி ஆகிவிடும்.

கேஜும் அடாப்டரும் கோவையிலிருந்து உடுமலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். 1,000 சுற்றிலும் 2,000 சுற்றிலும், ஆயில் குளிர்ந்திருக்கும்போதும் சூடான பிறகும் முள் எங்கே நின்றது என்று நாலு எண்ணையும் எழுதி அனுப்பு. அதுவரை மெக்கானிக்கைப் பம்பைக் கழற்ற விடாதே. அடாப்டரின் திரெட்டில் வெள்ளை டேப் சுற்றாதே. துண்டு பிய்ந்து உள்ளே போனால் வால்வில் போய் மாட்டிக்கொள்ளும். செம்பு வாஷர் இரண்டு சேர்த்து வைத்திருக்கிறேன், அது போதும்.

அன்புடன்,
மாமன்